லோட்டாவின் சட்டி

டாக்டர் ஜெசிந்தா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
உப்பு வேண்டாம்
எண்ணெய் வேண்டாம்
வெங்காயம் பூண்டு அறவே வேண்டாம்
எலும்பு வேண்டாம்
மசாலா என்ற பேச்சே வேண்டாம்.
கணையம் வீங்கியிருக்கிறதாம்.

செக்காலை ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாய்
மெஸ் நடத்துகிறவனிடம் இதைக் கொடுத்தால்
அவன் என்னதான் செய்வான்?
சிரித்தேன்.
தகர மேசையில் படுத்திருந்த லோட்டா
சிரிக்கவில்லை.

குட்டியில் ஒரு பித்தளை லோட்டாவுக்குள்
தலையை விட்டுக்கொண்டு
கொல்லையெல்லாம் முட்டித் திரிந்தவள்.
நல்லெண்ணெய் விட்டு உருவி எடுத்தோம்.
உள்ளே முந்தின நாள் நண்டுச் சாறு.
பெயரும் நாக்கும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டன.

அப்புறம்
கோலா உருண்டை உடைந்தால் அவளுக்கு,
உப்புக்கறிச் சட்டி வழித்தது அவளுக்கு,
ஞாயிறானால் நெஞ்செலும்பு.
எச்சில் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென
தனித் தட்டில் வைத்தவன் நான்.
நான்தான்.

ராத்திரி பத்தரைக்குக் கடையடைத்து
சின்ன அடுப்பை மூட்டினேன்.
ஜபருல்லா கடையில் தோலும் கொழுப்பும் நீக்கிய
நெஞ்சுக்கறி கால் கிலோ,
ஓர் ஆழாக்குப் பச்சரிசி,
மஞ்சள் பூசணி ஒரு கீற்று.
தண்ணீர் தாராளமாய். குழைய வேகணும்.
கொதி வந்ததும்
கை தானாகப் போகிறது உப்பு மரவைக்கு.
இடது கையால் வலது கையைப் பிடித்தேன்,
சத்தியமாக.

சோம்பு இல்லை, கல்பாசி இல்லை, மராட்டி மொக்கு இல்லை.
ஒளிந்துகொள்ள ஓரிடமும் இல்லாமல்
கோழி கோழியாகவே இருந்தது
அரிசி அரிசியாக.
ருசி பார்த்தேன்.
பார்க்காமல் ஒரு சட்டியும்
என் அடுப்பை விட்டு இறங்கியதில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
இவள் பண்டத்தை விட்டுவிட்டு
நேரே குப்பைக்குப் போனாள்.

இரண்டாம் நாளும் அப்படியே.
மூன்றாம் நாள், சேவுகன்
கறி எலும்பொன்றை இலையில் சுருட்டிக்கொண்டு
பின்வாசல் பக்கம் நழுவினான்.
"பாவம்ண்ணே, வாயில்லா ஜீவன்."
கரண்டியை வீசினேன்.
தண்ணீர் டிரம்மில் பட்டு விழுந்தது.
லோட்டா ஓடிப்போய்
கரண்டியை நக்கினாள்.

நாலாம் நாள் தரையில் குந்தி
அவள் தட்டிலிருந்தே ஒரு கவளம்
அவள் பார்க்க நான் தின்றேன்.
என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்,
மறுபடி என்னை.
பிறகு அவசரமாய் முழுக்கத் தின்றாள்.
பங்கு போய்விடுமென்ற பயம்தான்
என் சமையலை ஜெயிக்க வைத்தது.

சாத்தப்பன் சார் கதை வேறு.
கூட்டுறவு வங்கியில் கேஷியராய் இருந்து ஓய்ந்தவர்,
நாலு நாளாய் ரத்தக் கொதிப்பு, உப்புக்குத் தடை.
"அந்தச் சின்னச் சட்டியில என்ன?"
"அது... வேற சார்."
நான் சொல்லி முடிப்பதற்குள்
சேவுகன் இலையில் ஊற்றிவிட்டான்.
பாதி சாப்பிட்டதும் நிமிர்ந்தார்,
"யாருக்குப் பண்ணினது?"

கை கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து
கடன் கொடுத்தவள் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள் லோட்டா.
கை காட்டினேன்.
நோட்டுக்கட்டை எண்ணுகிறவர் போல
ஒரு நிமிஷம் வாயசைத்தார்.
மீதியையும் வழித்துச் சாப்பிட்டு
இலையை மூடினார்.
"நாளைக்கு ஓர் ஆழாக்குக் கூடப் போடுப்பா.
அவ பங்கைத் தொட எனக்கு மனசில்லை."

இப்போது இரண்டு ஆழாக்கு.
டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து
பரவாயில்லை என்கிறார்.
இருந்தாலும் கோலா பொரியும் நேரத்தில்
வாசற்படியில் நின்று மூக்கைத் தூக்குகிறாள்,
நான் முதுகைத் திருப்பிக்கொள்கிறேன்.

அடுப்புச் சுவரில் ஒட்டிய சீட்டில்
எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது.
உப்பு, எண்ணெய், எலும்பு
எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.
வேண்டாம் மட்டும்தான் தெரியவில்லை.
சேவுகனை அந்தப் பக்கம் விடுவதில்லை.