நடு மாடி

அரை கிரவுண்டில் மூன்று அடுக்கு.
கீழே என் ஜெராக்ஸ் கடை,
அப்பா எழுப்பிய சுவர், ஒன்றரை அடி.
ஹார்பர் டிரெய்லர் போனாலும் அசையாது.
வைஃபையும் அதைத் தாண்டாது.

மேல் மாடியில்
கொருக்குப்பேட்டை கேட் போட்ட மாதிரி
சுற்றிக்கொண்டே நிற்கிறது வட்டம்.
மகள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து
வேலைக்கு இன்டர்வியூ கொடுக்கிறாள்.
பின்னால் காக்காய்.

கேபிள்காரப் பையன் போனைப் பிடித்தபடி
படிக்கட்டில் ஏறி இறங்கினான்.
"நடுவுல ஒரு பொட்டி வெச்சா போதும்ணா."

நடுவில் டெல்லிபாபு.
என் தம்பி.
பாகம் பிரித்த நாளிலிருந்து
அவன் செருப்பைத் தாண்டித்தான் மேலே போகிறேன்,
ஒன்றரை வருஷமாய், பேச்சில்லாமல்.

பையனுக்கு என்ன தெரியும், தட்டிவிட்டான்.
கதவைத் திறந்தது கஜலட்சுமி.
"பிளக்கு டிவிக்குப் பின்னால கீது."
உள்ளேயிருந்து அவன் குரல்,
பையனிடம்தான்:
"அந்த சுவிட்சு லூசு. அழுத்திப் போடு."

இப்போது மேலே முழுக் கோடு.
விடிகாலை ஐந்தேகாலுக்கு மட்டும் போய்விடும்.
பெட்டியைப் பிடுங்கிவிட்டு
இஸ்திரிப் பெட்டி சொருகுவான்.
எண்ணூரில் முதல் ஷிஃப்ட்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருப்பேன்,
ஒரு சட்டை நேரம்.