முப்பத்தைந்து நிமிடம்

வியாழன்தோறும் வருகிறது நீல ரயில்.
நிற்பது முப்பத்தைந்து நிமிடம்.
அதில் முதல் ஏழு நிமிடம்
இறங்கிவந்த ரயிலையே படமெடுப்பார்கள்.

பிறகு ஒட்டகம்.
செய்த்காலியினுடையது.
வியாழன் மட்டும் சிவப்புக் குஞ்சம் கட்டிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்.
அதற்கு வியாழக்கிழமை பிடிப்பதில்லை.
தண்டவாளம் அதிர்வதற்கு முன்பே
கீழுதட்டைத் தொங்கப்போட்டுவிடும்.

வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் பேசுகிறாள்.
இங்கே ஒன்றுமில்லை என்பதை
மூன்று மொழியில் அழகாகச் சொல்ல முடியும் போல.
தாஸ்குடுக்: பதினான்கு வீடு, ஒரு கிணறு,
கிணற்றில் உப்பு.
அருங்காட்சியகம் உண்டு. சாவி என்னிடம்.

முன்பு அதில்
தண்டவாளம் போட்ட காலத்து மண்வெட்டி, ஒரு சமோவார்,
விண்கல் என்று என் கணவர் கடைசிவரை நம்பிய
கறுப்புக் கல்.
எட்டிப் பார்த்துவிட்டு
இரண்டு மூச்சில் திரும்பிவிடுவார்கள்.
காற்றுதான் கைகொடுத்தது.

எங்கள் ஊர்க் காற்றுக்குத் தொப்பி என்றால் ஆசை.
வாரம் ஒன்றாவது பறித்துவிடும்.
துரத்துவார்கள், இருபதடி.
மணல் சுடும். வெயில் பிடரியில் அறையும்.
ரயிலின் ஞாபகம் வரும்.
மாலையில் சாக்ஸவுல் புதர்களில்
காய்த்துக் கிடப்பவற்றை
நானும் மருமகள் பல்ஜானும் பறித்து வருவோம்.

இதுவரை அறுபத்திரண்டு.
ஒவ்வொன்றின் கீழும் தேதி, காற்றின் திசை.
வைக்கோல் தொப்பி, வடகிழக்கு.
யாரோ கர்னலுடையது போல ஒன்று, வடக்கு.
குழந்தையின் மஞ்சள் குல்லா, காற்றில்லை.
வேண்டுமென்றே எறிந்தாள், நான் பார்த்தேன்.
இப்போது வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்,
சிரித்தபடியே
தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வாசலில் குர்த் உருண்டையும் விற்கிறேன்.
உப்பும் புளிப்புமாய் உலர்ந்த தயிர், கல் மாதிரி.
கடித்த முகங்களையும் மாட்டிவைக்க முடிந்தால்
இன்னொரு அறை கட்டவேண்டும்.

கடைசி அலமாரியில் ஓர் இடம் காலி.
அட்டை மட்டும் இருக்கிறது:
யோரிஸ், அக்டோபர், திசை தெரியவில்லை.

ரயிலை விட்டவன்.
கிணற்றில் கல் போட்டுவிட்டு
சத்தத்துக்குக் காத்திருந்தானாம்.
நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டி கடுகளவு.
முதல் மணிநேரம்
செல்பேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நடந்தான்.
அடுத்த மணிநேரம் திட்டினான்,
யாரை என்று புரியவில்லை.
பிறகு செய்த்காலி குஞ்சத்தை அவிழ்ப்பதைப் பார்த்தான்.
போய் மறுபக்க முடிச்சைப் பிடித்தான்.

இரவு தொப்பிகளுக்குக் கீழே படுத்தான்.
விடியலில் தண்ணீர் ரயில்.
எங்களோடு குழாய் இழுத்தான்,
யார் வீட்டுக்கு எத்தனை வாளி என்று
ஏழாவது வீட்டுக்குள் கற்றுக்கொண்டான்.
பிறகு அதே ரயிலின் எஞ்சினில் ஏற்றி அனுப்பினோம்.
எதையும் விட்டுப் போகவில்லை.
போகும்போது ஒரே ஒரு படம் எடுத்தான்,
கவிழ்த்துவைத்த வாளிகளை.

"இங்கே என்ன இருந்தது?"
காலி இடத்தைக் காட்டி
இன்று ஓர் அம்மாள் கேட்கிறார்.
சொல்ல வாயெடுக்கிறேன்.
ரயில் ஊதுகிறது.
அவர் ஓடுகிறார், அகன்ற விளிம்புத் தொப்பி,
நாடா கட்டவில்லை.

பல்ஜான் பேனாவைத் திறக்கிறாள்:
தென்மேற்கு.