பதினோராம் மாதம்

என் கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயருக்கு மேலே இருப்பது
நான் பார்த்தேயிராத ஒரு கம்பெனி.
பார்த்ததெல்லாம் ஐந்து ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
ஒரு மேஜை, ஒரு பிரிண்டர்,
தணிகாசலம் சாரின் மூன்று போன்கள்.

பத்தாவது பெயில் என்றேன்.
பரவாயில்லை என்றார்.
நடுவில் நாலு வருடம் எங்கும் போகவில்லை என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
அந்தக் கேட்காமைக்காகவே
முதல் சம்பளத்தில் அவர் பிடித்த தொள்ளாயிரத்துக்கு
நான் மனதாரத் திட்டியதில்லை.
திட்டியிருக்கிறேன்.
மனதார இல்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் கிடங்கு.
ஆத்தூர், பீப். மேட்டூர், பீப். ஓமலூர்,
பீப் வராவிட்டால் திருப்பிக் காட்டு.
உள்ளே நீலச் சட்டை, சாம்பல் சட்டை.
நீலத்துக்குக் கேண்டீனில் முட்டை உண்டு.
சாம்பலுக்குப் பெயர் கிடையாது:
"ஏஜென்சி, அந்த டிராலியைத் தள்ளு."
நான் சகாயராணி.
அட்டையில் அதையும் சகயாராணி என்று அடித்திருந்தார்கள்.

நீலச் சட்டைக் குப்புராஜ்
ஒன்பது வருடமாக அதே நான்காம் பெல்ட்.
"உனக்கென்னம்மா, பிடிக்கலைன்னா நாளைக்கே வேற இடம்.
நான் வீட்டு லோன் முடியறவரைக்கும்
தும்மக்கூட யோசிக்கணும்."
பொய்யில்லை.
சீலநாயக்கன்பட்டி மருந்துக் கிடங்கிலும்
ஜங்ஷன் பக்கத்து ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலும்
என்னைத் திட்டிய வாய்கள்
இந்நேரம் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்.
அங்கே நான் இல்லை.
அதை நினைத்தால் டீ கொஞ்சம் இனிக்கும்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்த நொடி
மும்தாஜின் விரலைப் பெல்ட் இழுத்துக்கொண்டது.
ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம்: முதலாளி.
ஏஜென்சியைக் கேள் என்றது கம்பெனி.
இடம் அவர்களுடையது என்றது ஏஜென்சி.
துணி சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்தபடி
அவள் உட்கார்ந்திருந்தாள், வாத்தியாரிடம்
கேள்வி கேட்கக் காத்திருப்பவள் மாதிரி.
நான் இரண்டு பெயரையும் எழுதினேன்.
எழுத்து கட்டத்தை மீறி வழிந்தது.
"ஒண்ணு எழுதுங்க" என்றாள் கிளார்க்.
சம்பளச் சீட்டில் இருந்ததை எழுதினேன்.

பதினோரு மாதம் முடிந்தால் பிரேக்.
பன்னிரண்டைத் தொட்டால் ஏதோ சட்டம்
விழித்துக்கொள்ளும் என்கிறார்கள்.
தூங்குகிறது என்பதாவது தெரிகிறதே.

பிரேக்கின் நாலாம் நாள் போன்.
"ஏற்காட்டில் சீசன். ஓட்டல்.
தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு, ரெண்டு மாசம்."
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்,
இருபதுக்கு இருபது என்ற பலகைவரை.
இங்கே தலையணை உறை மாற்றுகிறேன்.
குளிருக்கு ஸ்வெட்டர் தந்திருக்கிறார்கள்,
போகும்போது திருப்பித் தர வேண்டும்.

ராத்திரி லேடீஸ் சீட் பக்கம் நின்றால்
கீழே சேலம் மொத்தமும் விளக்கு.
நான்காம் பெல்ட் எந்தப் புள்ளி என்று தேடுவேன்.
என் சாம்பல் சட்டைக்குள் யாரோ
மேட்டூர், பீப் என்று.

இன்று புது அட்டை வந்தது.
அதே மாடி, அதே பிரிண்டரின் கோணல் மை,
ஏஜென்சிக்கு மட்டும் வேறு பெயர்.
பழைய கம்பெனி மூடிவிட்டதாம்.
மும்தாஜுக்குப் போன் போட எடுத்தேன்,
அவள் படிவத்தின் கட்டத்துக்குள் இருக்கும் பெயர்
இனி யாருடையதும் இல்லை என்று
எப்படித் தொடங்குவது?

அட்டையைப் புரட்டிப் பார்த்தேன்.
இந்தமுறை
என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை.