இரண்டிலிருந்து எட்டு வரை

விசுவநாதபுரம் கிடங்கில் கையெழுத்துப் போட்டு
நீலப் பெட்டியை வாங்கும்போது
மணி ஐந்தே முக்கால்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டைத் தாண்டக் கூடாது.
பதினொரு வருடமாக இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்
ஓட்டுகிறேன்.
போலியோ, தட்டம்மை, நாய்க்கடி
எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்
குளிர்ந்து கிடந்து போனவைதான்.
எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.
எதுவும் என்னைக் கேட்டதுமில்லை.

இது கேட்கிறது.
பட்டியலில் பதினான்காவது:
மொ. ஒச்சப்பன், ஓட்டுநர்.

காளவாசல் சிக்னலில் கணக்குப் போட்டேன்.
போன பொங்கலுக்கு இந்த நோய்க்குப்
பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை.
இந்தப் பொங்கலுக்கு மருந்தே வந்துவிட்டது.
பெரியார் பஸ் நிலையத்தை இடித்தவர்கள்
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மெக்கானிக் அன்வர் சொன்னான்:
"புது மாடல் வண்டி வாங்குனா
மொத ஆறு மாசம் அடுத்தவன் ஓட்டட்டும்ணே."
அழகுமீனா ஒன்றும் சொல்லவில்லை.
டிபன் பாக்ஸில் வழக்கத்தைவிட
ஒரு முட்டை கூடுதலாக வைத்திருந்தாள்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
சரி,
இது பந்தியா படையா?
நாகமலை தாண்டும்வரை யோசித்தேன்.
மலை பனிக்குள் இருந்தது.

இந்த வண்டியை எனக்கு முன்னால் ஓட்டியவர்
பவுன்ராசு.
ஆடியில் போனார், பதினாறு நாள் ஆக்சிஜனில்.
இருக்கை இன்னும் அவர் காலுக்குத் தகுந்த தூரத்தில்தான் இருக்கிறது.
என் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும்.
தள்ளிப் போட ஒரு நெம்புகோல்தான்,
கை போகவில்லை.

செக்கானூரணி, கருமாத்தூர்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி
ஏறி இறங்கினேன்.
நம்பாத ஒன்றை
இவ்வளவு பதனமாகக் கொண்டுபோகிறோமே என்று
சிரிப்பு வந்தது.

சுகாதார நிலைய வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.
முதல் ஊசி டாக்டருக்கு.
கண்ணை மூடிக்கொண்டார்;
போட்டோவுக்காக
இன்னொரு முறை திறக்கச் சொன்னார்கள்.
பட்டியலில் இருபத்தெட்டுப் பேர்.
ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்குச் சொந்தத்தில் காதுகுத்து,
மருந்தாளுநர் போனையே எடுக்கவில்லை.
என் பேரைக் கூப்பிட்டபோது
வண்டிக்கு அடியில் குனிந்து
எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பேர் முடிந்தது.
ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு.
திறந்தால் நாலு மணி நேரம்,
அப்புறம் கொட்டத்தான் வேண்டும்.
மணி ஒன்று பத்து.
நர்ஸ் ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை.
குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
சுவரிடம் சொல்வதுபோல,
"ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றாள்.

தைரியம் வந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன்.
படித்துத் தெளிந்தேன் என்றும் இல்லை.
பவுன்ராசுவை நினைத்தேன் என்றால்
நன்றாகத்தான் இருக்கும்,
ஆனால் நினைக்கவில்லை.
முப்பத்தெட்டு கிலோமீட்டர்
ஐந்து டிகிரியில் வந்த அரை மில்லி.
அதைக் குப்பைக்கு அனுப்ப
ஓட்டி வந்தவனுக்கு மனசு ஒப்பவில்லை.
அவ்வளவுதான்.

"எந்தக் கைண்ணே?"
கியர் போடுகிற கையைக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலி.
உடம்புக்குள் ஏதாவது நடக்கிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
பசிதான் தெரிந்தது.

போன் அடித்தது.
"போட்டுக்கிட்டீகளா?"
"பெட்டிய எறக்கியாச்சு" என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை,
குக்கர் ஒன்று விசில் அடித்து அடங்கியது.
பிறகு கேட்டாள்:
"கை வலிக்குதா?"