மூன்றரை அடி

கொழும்பிலிருந்து விருதுப் படிவம் வந்திருக்கிறது.
"உங்கள் சபையின் புத்தாக்க வரலாறு.
ஆண்டு, செலவு, பயனாளிகள்.
இருநூறு சொற்களுக்குள்."
செயலாளர் அதை என் மேசையில் வைத்துவிட்டு
மதியச் சோற்றுக்குப் போய்விட்டார்.

புத்தாக்கம்.
இந்தச் சொல் எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்து
பத்து வருடம்கூட ஆகவில்லை.
புரொஜெக்ட் ஆட்களின் தோள்பையிலிருந்து இறங்கியது.
அதற்கு முன் நாங்கள் அதை
"ஏதாவது செய்து பாப்பம்" என்போம்.

மான்களில் தொடங்கலாமா?
கோட்டை வாசலிலும் பஸ் நிலையத்திலும்
புள்ளி முதுகு வெயிலில் மினுங்க
குப்பை மேயும் எங்கள் மான்கள்.
செத்த ஒன்றின் வயிற்றை மிருக வைத்தியர் கிழித்தபோது
நாலு கிலோ பொலித்தீன்,
ஒரு குழந்தைச் செருப்பின் வார்.
அந்த மாதக் கூட்டத்தில் ஏகமனதாகத்
தொட்டிகளை உயர்த்தினோம். ஆறடி.
மானின் வாய் எட்டவில்லை.
ஞானசீலியின் கையும் எட்டவில்லை.
அவள் நாலடி எட்டு அங்குலம்;
அள்ளுவது அவள்தான் என்பது
கூட்டறிக்கையில் இல்லை.

படி ஒன்று கட்டிக்கொடுத்தோம்.
மூன்றாம் நாள் கலைமான் ஒன்று
படியேறி நின்று சாப்பிட்டது,
கலியாண வீட்டுக்கு வந்த மாமன் மாதிரி.
படம் பேப்பரில் வந்தது.

பிறகு ஞானசீலியே அலுவலகத்துக்கு வந்து,
வாசலைத் தாண்டாமல் நின்று சொன்னாள்:
"தொட்டியப் பதியுங்கோ ஐயா.
மூடியப் பாரமாக்குங்கோ."
மூன்றரை அடி.
வேலைத்தள ஹில்மி கழித்த லொறி ஸ்பிரிங்கில்
ஒரு மிதி வைத்தான். கால் மிதித்தால் திறக்கும்,
குளம்பு வழுக்கும்.
செலவு நிரலில் என்ன எழுத?
பழைய இரும்பு, இரண்டு பிளேன்டீ.
பயனாளிகள் நிரலில்
மான்களை எண்ணலாமா என்று
அடிக்குறிப்பில் ஏதும் இல்லை.

இன்னொன்று இருக்கிறது.
ஆண்டு சரியாகத் தெரியாது,
எண்பத்தேழோ எட்டோ.
ஊரடங்கில் நகரத்துக்குள் ஓடப்
பாஸ் இருந்தது குப்பை ட்ரக்டருக்கு மட்டும்.
நூலகப் பொறுப்பாளர் தவமலர்
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
உரப்பையில் சுற்றிய புத்தகங்களைச்
சாரதிக்குப் பக்கத்தில் வைத்தார்.
திருக்கடலூருக்கு ஐந்து, பெரியகடைக்கு மூன்று,
மட்டிக்களிக்கு ஒன்று.
சோதனைச் சாவடியில் மூக்கைப் பொத்தினார்கள்,
பையைத் திறக்கவில்லை.
வாசல்களில் குப்பைக் கூடையை நீட்டிய கைகள்
வேறு பாரத்தோடு உள்ளே போயின.
புத்தகங்கள் திரும்பின,
ஓரங்களில் கறி மணம்,
ஒன்றுக்குள் அடையாளம் வைத்த பல்லி முட்டைத் தோல்.

மட்டிக்களிப் புத்தகம் திரும்பவில்லை.
அடுத்த முறை ட்ரக்டர் போனபோது
வாசலில் கூடை இருந்தது,
கை இல்லை.

ஒவ்வொரு வருடமும் கணக்காய்வு கேட்கிறது:
"நூல் இலக்கம் 2114 எங்கே?"
ஒவ்வொரு வருடமும் தவமலர் எழுதினார்,
அவருக்குப் பிறகு வந்தவர்கள் எழுதினார்கள்,
இப்போது நான் எழுதுகிறேன்:
"வாசகர் கைவசம்."
பதிவழிக்கச் சொல்லி மூன்று சுற்றறிக்கை வந்தாயிற்று.
தண்டப்பணம் ஏறிக்கொண்டே போகிறது,
புத்தகத்தின் விலையை எப்போதோ கடந்துவிட்டது.
அறவிட ஒரு ஆள் வந்தால் போதும்,
நானே கட்டிவிடுவேன்.

இதையெல்லாம் இருநூறு சொற்களில்?
பேனாவை மூடிவைத்து யன்னலால் பார்த்தேன்.
சபை மதிலோரம், புதுத் தொட்டியடியில்
குட்டி மான் ஒன்று.
முன்னங்காலைத் தூக்கி மிதியில் வைத்தது.
வழுக்கியது.
தலையைச் சரித்து யோசித்தது.
இம்முறை காலை வைக்கவில்லை,
முழங்காலை மடித்து அமத்தியது.

மூடி அசைந்தது. கொஞ்சம்தான்.

படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு
ஹில்மிக்குக் கோல் எடுத்தேன்.