ஒரு கேஸ் குறைவு

பழைய முப்பத்தெட்டு ரிவால்வருக்கு ஒரு நல்ல குணம்.
சுட்ட பிறகும் காலி கேஸை வெளியே விடாது.
ஆறையும் வயிற்றிலேயே வைத்திருக்கும்,
நாம் திறந்து கொட்டுகிறவரை.
புதிதாக வந்த ஒன்பது மில்லி அப்படியில்லை.
ஒவ்வொரு வெடிக்கும்
வலப்பக்கம் துப்பிக்கொண்டே போகும்,
வெற்றிலை போடுகிறவனைப் போல.

பாளையங்கோட்டையில் நான் ஆயுதக் கிடங்கு ஏட்டு.
எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன்.
யார் இடுப்பில் எது என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்:
இன்ஸ்பெக்டர்களுக்குப் பிஸ்டல்,
எஸ்.ஐ.களில் பாதிப் பேருக்கு இன்னும் ரிவால்வர்தான்,
பாராப் பையன்களுக்குத் தோளைத் தேய்க்கிற நீளத் துப்பாக்கி.
கார்பைன் நாலு, எண்ணெய் பூசி மூலையில்.
பிஸ்டல் தின்கிற அதே ஒன்பது மில்லியைத்தான்
கார்பைனும் தின்னும்.
இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம். பொத்தையடி மைதானம்.
கச்சான் காற்று மண்ணை வாரி
இலக்கு அட்டையின் முகத்தில் அடித்தது.
பதினோரு வருசம் முப்பத்தெட்டைச் சுமந்த
சங்கரவடிவு எஸ்.ஐ.
அன்றுதான் பிஸ்டலைத் தொட்டார்.
பிடி அவர் கைக்குப் பெரிசு.
எந்தத் தேசத்து ஆணின் உள்ளங்கைக்கோ
அளவெடுத்த இரும்பு.
விசைக்கு விரல் எட்ட
மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பவேண்டும்,
திருப்பினால் குறி சாயும்.
முப்பது ரவுண்டு. பதினேழு அட்டையில்.
மீதி பொத்தைக்கு.

குனிந்து பொறுக்கினோம்.
இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினோம்.
இருபத்தொன்பது.

ஒரு துண்டுப் பித்தளைக்காக
உடைமுள்ளை விலக்கி, எறும்புப் புற்றைக் கிளறி
பதினோரு பேர் மண்டியிட்டுத் தவழ்ந்தோம்.
ஜெபத்துரை ஆட்டுப் புழுக்கையை எடுத்து
"இந்தா இருக்கு ஏட்டையா" என்று
இரண்டு தடவை ஏமாந்தான்.
இருட்டிய பிறகு வேன் விளக்கைப் போட்டும்
இருபத்தொன்பது.

காலி கேஸைக் காட்டாவிட்டால்
புதுத் தோட்டா வராது.
மெமோ வரும், விசாரணை வரும்,
குறைந்த அந்த ஒன்று எங்கே வெடித்தது
என்ற கேள்வி வரும்.
எனக்கு ஓய்வுக்குப் பதினாலு மாதம்.

என் இழுப்பறையில்
ரப்பர் ஸ்டாம்பு டப்பாவுக்கு அடியில்
ஒன்று கிடந்தது.
ஒன்பது மில்லி. கார்பைன் துப்பியது.
ஒரு ராத்திரி, ஒரு வாய்க்கால் கரை.
ஊர்ப்பெயர் வேண்டாம்.
பொறுக்கியது எட்டு.
சுட்டது ஏழு என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
எட்டாவது என் சட்டைப் பையில் தங்கிவிட்டது,
எறியவும் முடியாமல், காட்டவும் முடியாமல்
இத்தனை காலம்.

அதை எடுத்து மூட்டையில் போட்டேன்.
முப்பது. கையெழுத்து. அரக்கு.

மறுநாள் காலை ஆறரைக்கு
சங்கரவடிவு வந்து நின்றார்,
கர்ச்சீப்பில் முடிந்த ஒன்றோடு.
பனியன் மடிப்பில் கிடந்ததாம்.
காலர் வழியாக விழுந்திருக்கிறது.
காறையெலும்பின் மேல்
அரைவிரல் நீளத்துக்குக் கொப்பளம்.
"சுட்டது தெரிஞ்சுது ஏட்டையா.
இன்னும் நாலு ரவுண்டு பாக்கி,
கையை எடுக்கக் கூடாதுல்லா.
பொறவு அது வெளியே விழுந்துட்டுன்னே நெனச்சிட்டேன்."

ரிஜிஸ்டரில் குறைவுக்குக் கட்டம் உண்டு.
கூடுதலுக்குக் கிடையாது.

"கணக்கு டேலி ஆயிட்டும்மா" என்றேன்.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
அரக்கு வைத்த மூட்டையைப் பார்த்தார்.
பிறகு என்னை.
கர்ச்சீப்பை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு
பாராவுக்குப் போய்விட்டார்.

மூட்டை இந்நேரம் எங்கோ உருகியிருக்கும்.
அந்த ராத்திரியின் பித்தளையும்
பயிற்சிப் பித்தளையோடு சேர்ந்து.
கேஸின் அடியில் பொறித்த வருசத்தை
எண்ணுகிறவர்கள் படிப்பதில்லை.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம்
இப்போது இது உருள்கிறது.
யாரையும் சுடாத கேஸ்,
அவர் தோளைத் தவிர.

கொப்பளத்துக்கு மருந்து போட்டீர்களா என்று
அன்றைக்கு ஒரு வார்த்தை
கேட்டிருக்கலாம்.