வெண்கலமும் இல்லியப்பா

கன்னடத்தில் பெள்ளி என்றால் வெள்ளி.
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது எனக்கு.

ஏழாவது தோல்வியன்று
சிமெண்ட் படிக்கட்டின் மேல்வரிசையில்
இருபது லிட்டர் காலிக் கேனைக் கவிழ்த்து வைத்து
நான்தான் முதலில் தட்டினேன்:

பெள்ளி பெள்ளி பெள்ளியப்பா
வெண்கலமும் இல்லியப்பா

மறுநாள் கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் முணுமுணுத்தார்.
கொங்கணி வாய், மலையாள வாய், துளு வாய்
எல்லாவற்றிலும் அர்த்தம் கழன்று
தாளம் மட்டும் ஓடியது.
அதுவரை வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்தவன் நான்.
சுருமுரிக்காரர் அன்று காசு வாங்கவில்லை.

அவர் மட்டும் லேசுப்பட்டவரா?
பதினெட்டுப் பாயிண்ட் பின்தங்கியபின்
டைம் அவுட் கேட்பார்.
குந்தி உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் கோடிழுப்பார்.
அல்சூர் மழை வந்து கோட்டைக் கழுவும்.
பையன்கள் ஐந்து பேரும் ஐந்து திசைக்குப் போவார்கள்.
மடிகேரிக்காரர்,
மழையைப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்.

"சில்க் போர்டு சிக்னல் மாதிரி இவர் டிஃபென்ஸ்"
என்றாள் நிவேதிதா ஹெக்டே.
"சீ, அங்கேயாவது வண்டி நிற்கும்" என்றேன்.
படிக்கட்டு முழுக்கச் சிரித்தது.
தலைக்குமேல் மெட்ரோ போனது.
அடுத்தது வருவதற்குள்
எட்டுப் பாயிண்ட் போனது.

அவர் திரும்பியே பார்த்ததில்லை.
கேட்கவில்லை என்றே நினைத்திருந்தோம்.
கேட்காத மனிதனைக் கேலி செய்வது
சுவரில் பந்தடிப்பது மாதிரி,
களைப்பே தெரியாது.

பஸ் பாஸைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன் ஒருநாள்.
தேடிப் போனபோது காலை ஆறேகால்.
பனி இன்னும் வளையத்துக்கு மேலே இருந்தது.
கீழே
முழங்கால் மடக்கிப் பக்கவாட்டில் நகர்கிறார்கள் பையன்கள்.
சாயம்போன டிராக்சூட்டில்
கைதட்டிக்கொண்டு அவர்.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.
அது என் கேன்.

பெள்ளி பெள்ளி: இடப்பக்கம் இரண்டு அடி.
பெள்ளியப்பா: கை உயர்த்து.
வெண்கலமும்: வலப்பக்கம்.
மூச்சு வாங்க, முகத்தில் ஒரு கேலியும் இல்லாமல்
டென்சின்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.
'இல்லி' வரும்போதெல்லாம்
அவர் குனிந்து தரையை விரலால் தொட்டுக் காட்டினார்:
"இல்லி. இல்லி. இல்லி காலிடு."

கன்னடத்தில் இல்லி என்றால் இங்கே.

எனக்குத் தெரியாத சொல்லா அது?
இந்த ஊரில் பிறந்தவன்,
'இல்லி நில்லிஸி' என்று
எத்தனை பஸ்ஸை நிறுத்தியிருப்பேன்.
என் இல்லையை எடுத்து
அவர்கள் காலடியில் வைத்திருந்தார் மனிதர்.
பாஸை எடுக்காமலே திரும்பினேன்.
டிக்கெட் வாங்கித்தான் வீடு போனேன்.

சனிக்கிழமை ஆட்டம்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
தட்டினேன்.
'இல்லி'யில் பத்துக் கால்கள் ஒரே சத்தமாய் இறங்கின.
எதிரணியின் உயரமானவன்
போக வழியில்லாமல் பந்தோடு நின்றான்.
நிவேதிதா சுருமுரியை மெல்ல மறந்தாள்.

நிறுத்திவிடலாம் என்று தோன்றியது மூன்றாவது குவார்ட்டரில்.
விரல் எரிந்தது.
நிறுத்தினால் அவர்கள் கால் பிசகுமோ என்று பயம்.
தட்டிக்கொண்டே இருந்தேன்,
கொஞ்சம்கூட வேகம் மாறாமல்,
சம்பளமில்லாத வேலைக்காரன் மாதிரி.

நான்கு பாயிண்டில் தோற்றோம்.

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
படிக்கட்டைக் கடந்து போனார்.
இப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இரண்டு விரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே போனது,
என்னுடையதைவிடச் சற்று வேகமாக.

இருந்தாலும் சொல்கிறேன்,
கடைசி டைம் அவுட்டை
அப்படியா ஒரு மனுஷன் வீணாக்குவான்?